எட்டு மணி மரம்

வன்னியம்பட்டி மாரிக்கனியைப் பார்க்க வேண்டுமென்றால் புரட்டாசி மாதத்தில் அவள் வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் அவள் இருக்க மாட்டாள், அவள் புருஷன் பாண்டிதுரைதான் இருப்பார். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவரிடம் அகப்பட்டால் லடாக்கில் மீசை உறைந்த கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஒருமுறை தபால்காரர் மரியாதைக்கு நின்று கேட்டுவிட்டு, அன்றைய தபாலை மறுநாள் கொடுத்தார்.

மாரிக்கனி அந்த மாதம் பூராவும் தோப்புகளில் கிடப்பாள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் உள்ள மாந்தோப்பு பூராவும் அவள் கால் பட்டது. மாமரத்துக்குப் பூ மருந்து ஊற்றுவது அவள் தொழில். மாமரத்தின் குணம் தெரியுமில்லையா? ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், மறு வருஷம் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறும் கொழுந்தாக விட்டு ஒசரத்துக்குப் போகும். அந்த வளர்ச்சியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, மரத்தின் கவனத்தைப் பூப்பக்கம் திருப்புகிற மருந்து அது. டப்பாவில் பேக்லோபூட்ரசால் என்று போட்டிருக்கும். அந்தப் பெயரை நாக்குச் சுளுக்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊரில் பாண்டிதுரைதான். மருந்தைத் தொட்டுப் பார்க்காத ஆளும் அவர்தான்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கூத்து. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தோப்பில், இந்த மருந்தை எப்படி ஊற்றுவது என்று காட்ட ஒரு ஆபீசர் வந்தார். விவசாயிகள் இருபது பேர் கூடினார்கள். ஆபீசர் வாளியில் தண்ணீர் பிடிப்பதற்குள் யாரோ டீ வந்திருக்கிறது என்று சொல்ல, இருபது பேரும் போய்விட்டார்கள். களை வெட்ட வந்த மாரிக்கனி மட்டும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபீசருக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். நின்ற ஒருத்தியிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்த ஆம்பிளைகள், "என்னட்டி சொன்னாரு?" என்று கேட்டார்கள். சொன்னாள். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அவள் சாமான்கள் கொஞ்சம்தான். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. இருமல் மருந்து டப்பாவின் மூடி, அதில் மூன்று மில்லிக்கு நகப்பூச்சால் இழுத்த சிவப்புக் கோடு. மரம் எத்தனை மீட்டர் அகலமோ அத்தனை மூடி. அதைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலக்கி, தூரைச் சுற்றித் தோண்டிய குழிகளில் ஊற்றி மண்ணைத் தள்ள வேண்டும். அகலத்தை அளக்க அவள் அண்ணாந்து பார்ப்பதில்லை, தரையில் விழுகிற நிழலை அளப்பாள். ஆட்கள் காலையிலேயே வந்தாலும் குழி வெட்டுவதும் தண்ணீர் சுமப்பதுமாக இருப்பார்கள். கயிற்றை எடுப்பது உச்சிப் பொழுதில்தான். சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போதுதான் நிழல் மரத்தின் அகலத்துக்குச் சரியாக இருக்கும், முன்னாலோ பின்னாலோ போனால் நீண்டு கிடக்கும். உச்சி நேரம் ஒரு மணி நேரம்தானே, அதனால் ஒரு தோப்புக்கு மூன்று நாளாகும்.

"ஒரு நா வேலைய மூணு நா பாக்கீக. பட்டாளமா இருந்தா எல்லாத்தையும் கோர்ட் மார்ஷல் பண்ணிருப்பான்" என்பார் பாண்டிதுரை.

"பட்டாளத்துல நீங்க உருளக்கெழங்குதான வாங்கிப் போட்டீக" என்பாள் அவள். அவர் இருந்தது ரேஷன் பிரிவில். அந்தப் பேச்சு அத்தோடு நிற்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புரட்டாசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மாரிக்கனிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கால் பூசணிக்காயாக வீங்கியது. பத்து நாள் கால் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனகலட்சுமி டீச்சரின் தோப்பு பாக்கி இருந்தது. முப்பத்தாறு சப்பட்டை ரக மாமரம், வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, நாற்பதடிக்கு ஒரு மரம். மண்ணில் ஈரம் பதமாக இருந்தது. பெருமழை இறங்கிவிட்டால் மருந்து கரைந்து ஓடிவிடும்.

"நான் போறேன்" என்றார் பாண்டிதுரை.

மாரிக்கனிக்குக் கால் வலியோடு நெஞ்சு வலியும் வரும்போல் இருந்தது. வேறு வழியில்லை. அவர் டைரியை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு. பாயிண்ட் பாயிண்ட்டா சொல்லு."

"நெழலுக்கு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்குக் கயித்தப் போடுங்க. கெழமேலாப் போடணும்."

"கிழக்கு மேற்கு. ம்."

"எத்தன முடிச்சு வருதோ அத்தன மூடி. செவப்புக் கோட்டத் தாண்டிரக் கூடாது."

"கோட்டைத் தாண்டக் கூடாது. அடிக்கோடு போட்டுட்டேன். தண்ணி?"

"பத்து லிட்டர். குழிக் குழியாச் சுத்தி ஊத்தி மண்ணத் தள்ளிருங்க."

அவர் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அவள் கூட, பரவாயில்லையே மனுஷன் என்று நினைத்தாள். உச்சி நேரத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. சோறு பொங்கச் சொல்கிறவள் அடுப்பைப் பற்றவை என்று தனியாகவா சொல்வாள்?

அன்று தோப்பில் நடந்தது மாரிக்கனிக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நமக்கென்ன, இப்போதே பார்த்துவிடுவோம். பாண்டிதுரை ஏழரைக்கே போய் நின்று, ஏழே முக்காலுக்கு வந்த வெள்ளத்தாயையும் இரண்டு பெண்களையும் வரிசையில் நிறுத்திக் கால் மணி நேரம் ஒழுக்கம் பற்றிப் பேசினார். எட்டு மணிக்குக் கயிற்றை எடுத்தார்.

வெள்ளத்தாய் பத்து வருஷமாக மாரிக்கனியோடு வேலைக்குப் போகிறவள். "அண்ணே, அளக்கதுக்கு உச்சி வரட்டும். செத்த நேரம் குழி வெட்டுவோம்" என்றாள்.

"வேலைன்னா காலையில. உச்சிக்குப் பட்டாளத்துல சாப்பாட்டு மணி அடிச்சிருவான்."

வெள்ளத்தாய் மறுபடி வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவள் புத்தியில் ஒரு கணக்கு ஓடியது. இந்த மனுஷன் போகிற வேகத்தில் போனால் மத்தியானம் வீட்டில் போய்ப் படுக்கலாம். வாயை மூடிக்கொண்டாள். தெருக் குழாயடியில் ஒரு குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறவள், வாயை மூட நேரம் பார்த்தாள் பாருங்கள்.

முதல் வரிசையில் பன்னிரண்டு முடிச்சு வந்தது. கயிற்றின் கடைசி முடிச்சே அதுதான். பன்னிரண்டு மூடி. வெயில் ஏற ஏற, இரண்டாம் வரிசையில் பத்து, மூன்றாவதில் ஒன்பது என்று இறங்கி, பதினொன்றரைக்கு ஆறாவது வரிசையில் ஆறு முடிச்சு வந்தது. மேற்கே போகப் போக மரம் சிறுத்துப்போகிறது, மண் சரியில்லை போல என்று டைரியில் குறிப்பு வேறு எழுதிக்கொண்டார். சிவப்புக் கோட்டை ஒரு சொட்டுக்கூடத் தாண்டவில்லை. பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. மூன்று நாள் வேலை, அரை நாளில்.

வீட்டில் மாரிக்கனி டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டியது, அடியில் கொஞ்சம் சளசளத்தது.

"சிந்திட்டீகளா?"

"பட்டாளத்தான் சிந்த மாட்டான்."

சிந்தியிருக்கிறார், ஒத்துக்கொள்ள மானம் விடவில்லை என்று முடிவுகட்டிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. டீச்சர் தோப்பு பூத்தது. சும்மா பூக்கவில்லை, ஊரைக் கூட்டிப் பூத்தது. முதல் வரிசை மரங்களில் இலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது, நுனி முதல் தூர் வரை மஞ்சளாக அப்பிக் கிடந்தது. செண்பகத்தோப்பு ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு போட்டோ எடுத்தார்கள். கனகலட்சுமி டீச்சர் ராஜபாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, நாலு பேர் பார்க்கப் பாண்டிதுரைக்குச் சால்வை போர்த்தினார். "இத்தனை வருஷம் இந்தத் திறமையை எங்க ஹவில்தார் ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நிஜமாகவே ஆச்சரியத்தில்தான்.

பிறகு பாண்டிதுரையைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஓய்வு பெற்று வந்த எட்டு வருஷத்தில், டீக்கடையில் அவர் வருவதைப் பார்த்தால் எழுந்து போனவர்கள்தான் அதிகம். இப்போது பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். லடாக் கதையைக்கூட ஒருத்தன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். செட்டியார்பட்டி ராஜரத்தினம், இருநூறு மரக்காரர், மாந்தோப்புக்காரர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி, வீடு தேடி வந்தார்.

"ஹவில்தார், தை கடேசி ஞாயித்துக்கெழம ராஜபாளையம் மண்டபத்துல கூட்டம் வச்சிருக்கேன். ஒங்க அளவ எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க. அடுத்த புரட்டாசிக்கு எங்க தோப்பு பூராம் ஒங்க அளவுதான்."

பாண்டிதுரை அன்று மாலையே சட்டையை இஸ்திரி போட்டார். கூட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மாரிக்கனிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருஷம் ஊற்றினவளுக்கு ஒரு கைக்குட்டைகூட யாரும் போர்த்தவில்லை. இருந்தாலும் டப்பா சளசளத்த சத்தம் அவள் காதில் இருந்துகொண்டே இருந்தது. கூட்டம் நெருங்க நெருங்கப் பொறுக்காமல் தோப்புக்குப் போனாள்.

முதல் மரத்தடியில் நின்றவள் அப்படியே நின்றாள். சப்பட்டைப் பூங்கொத்து ஒரு முழத்துக்குக் கிளை விரித்துத் தளதளவென்று நிற்க வேண்டும். இதில் கைமுஷ்டி அளவுக்கு உருண்டு கட்டிக் கிடந்தது. காற்றுப் புக இடமில்லை. கொழுந்து இலைகள் கணு விலகாமல் ஒன்றின்மேல் ஒன்றாக முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டிருந்தன. அடுத்த வரிசைக்குப் போனாள், கொத்து கொஞ்சம் நீண்டிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஆறாவது வரிசையில் பூ பூ மாதிரி இருந்தது. இப்படிக் கத்தரித்த மாதிரி வரிசைக்கு வரிசை மண்ணா மாறும்? அவள் திரும்பிக் கிழக்கே சூரியனையும், மரங்களின் நீண்ட நிழலையும் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி மனுசா! இது எட்டு மணி மரம். இது ஒம்பது மணி. இது பத்து..." என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள். தோப்பு கடிகாரம் மாதிரி மணி காட்டிக்கொண்டு நின்றது.

நேரே வெள்ளத்தாய் வீட்டுக்குப் போனாள். "ஏட்டி, அன்னைக்கு எத்தன மணிக்கு அளந்தாக?"

வெள்ளத்தாய்க்கு முகம் செத்துவிட்டது. "நான் சொன்னேன் மதினி. ஒரு தடவ சொன்னேன்."

"ரெண்டாந்தடவ?"

"ரெண்டாந்தடவ... எனக்கும் வீட்டுக்கு வரணும்போல இருந்துச்சு மதினி."

மாரிக்கனி அவளைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. முன்பு ஒரு குத்தகைக்காரன், ஒரு வருஷக் குத்தகைதானே, எவன் மரம் எக்கேடு கெட்டால் என்ன என்று இரட்டிப்பாக ஊற்றி, பூவையும் காயையும் பிடுங்கிக்கொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த மருந்து மண்ணை விட்டு லேசில் போகாது. மறு வருஷமும் அதற்கு மறு வருஷமும் அந்த மரங்கள் கொழுந்து நீளாமல், காய் பெருக்காமல், குள்ளச் சாபம் வாங்கினது மாதிரி நின்றன. டீச்சர் மரங்களும் இனி அப்படித்தான். இந்த அளவை ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்லிவிட்டால் ராஜரத்தினத்தின் இருநூறு மரம், இன்னும் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மரம் எல்லாம்.

சொல்ல வேண்டும். சொன்னால் அந்த இஸ்திரி போட்ட சட்டையைப் பார்க்க வேண்டும். எட்டு வருஷம் கழித்து அவர் தெருவில் நெஞ்சு நிமிர்த்தி நடப்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுப்பதற்குத் தன் வாய்தானா கிடைத்தது என்று அழுகை வந்தது.

வீட்டில் சொன்னாள். பாண்டிதுரை கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "பொறாம."

"எனக்கா?"

"ஒனக்குத்தான். பதினெட்டு வருசம் ஊத்துன, ஒனக்கு ஒரு துண்டு போட்டாகளா?"

அது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அவளும் அதையே நினைத்திருந்தாள். அதன் பிறகு மூன்று நாள் இருவரும் பேசவில்லை. வீட்டில் இருந்த ஒரு கோழிதான் தூது போனது. "ஏ கோழி, சோறு எடுத்து வச்சிருக்கு" என்பாள் அவள். "கோழி, எனக்குப் பசிக்கல" என்பார் அவர். இரண்டு பக்கமும் வசவு வாங்கி அந்தக் கோழி முட்டையை அடுத்த வீட்டில் போய் இட்டது.

கூட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை விடியக்காலம், மாரிக்கனி கோழியை விட்டுவிட்டு நேராகவே பேசினாள். "எட்டு மணிக்கு டீச்சர் தோப்புல ஃபால் இன்."

பட்டாளத்தானை, வரிசையில் வந்து நில் என்கிற அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டால் செத்த பிணமும் எழுந்து வரும். ஏழு ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றார். அவள் கயிற்றின் ஒரு முனையை நீட்டினாள். முதல் வரிசை முதல் மரம். கயிறு பன்னிரண்டு முடிச்சோடு தீர்ந்துபோய், நிழல் அதற்கு அப்பாலும் கொஞ்சம் கிடந்தது.

"பாத்தியா? நான் எழுதுன அளவு சரிதான்" என்றார் பாண்டிதுரை.

"டைரியில எழுதுங்க. இங்கனயே உக்காருங்க."

"எம்புட்டு நேரம்?"

"உச்சி வர."

நாலு மணி நேரம் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கொண்டுவந்த இட்லியைத் தின்றார்கள். பேச வேறு ஒன்றும் இல்லாததால் அவர் லடாக் கதையை எடுத்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கதையின் கடைசி அவளுக்குத் தெரியாது, பாதியில் எழுந்து போய்விடுவாள். அன்று முழுதாகக் கேட்டாள். மீசை உறைந்தது கதையில் சின்ன விஷயம்தான், பக்கத்தில் படுத்திருந்த கூட்டாளி காலையில் எழுந்திருக்கவில்லை என்பதுதான் கதை. அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

உச்சி வந்தது. அதே மரம், அதே கயிறு. ஆறு முடிச்சு.

பாண்டிதுரை கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அண்ணாந்து சூரியனைப் பார்த்தார், குனிந்து தன் காலடியில் சுருங்கிக் கிடந்த தன் நிழலைப் பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

 அவர் முதல் வரிசையை அண்ணாந்து பார்த்து, "மரம் செத்துருமா?" என்றார்.

"சாகாது. வளராம நிக்கும். மூணு வருசமோ நாலு வருசமோ."

"நாளைக்கி நான் பேசணுமே."

"பேசுங்க."

"என்னன்னு பேச?"

"அது ஒங்க பாடு. நான் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டாள். அவர் சொல்லாவிட்டால் நாளை கூட்டத்தில் அவள்தான் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கட்டின புருஷனை அத்தனை பேர் முன்னால் பொய்யனாக்கின பிறகு, ஒரே வீட்டில் எந்த முகத்தோடு சோறு போடுவது?

மண்டபம் நிறைந்திருந்தது. வடையும் காப்பியும் உண்டு என்று ராஜரத்தினம் முன்கூட்டியே சொல்லியிருந்தார், இல்லாவிட்டால் இத்தனை பேர் வரமாட்டார்கள். கனகலட்சுமி டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாரிக்கனி கடைசித் தூணோரம் நின்றாள். பாண்டிதுரை மைக் முன்னால் போய் விறைப்பாக நின்று டைரியை விரித்தார்.

"போன புரட்டாசியில டீச்சர் தோப்புக்கு நான் மருந்து ஊத்துனேன். காலையில எட்டு மணிக்கு நிழல அளந்தேன்" என்று ஆரம்பித்தார்.

கூட்டம் சரசரவென்று பேனாவை எடுத்தது. "எட்டு மணி. எழுதிக்கோ, எட்டு மணி" என்று ஒருத்தன் பக்கத்துக்காரனுக்குச் சொன்னான்.

"பன்னெண்டு முடிச்சு வந்துச்சு. பன்னெண்டு மூடி ஊத்துனேன்."

"பன்னெண்டு மூடி" என்று மண்டபமே முணுமுணுத்து எழுதியது. ராஜரத்தினம் தன் உள்ளங்கையிலேயே எழுதினார்.

பாண்டிதுரை நிமிர்ந்து பார்த்தார். மாரிக்கனி தூணைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மைக்கே அலறுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"ஏலே, எழுதாதீகலே! அது தப்புலே!"

பேனாக்கள் நின்றன.

"அந்த மரத்துக்கு ஆறு மூடிதான். காலை நிழல் நீண்டு கெடக்கும்ங்கிற புத்தி இல்லாம இரட்டிப்பா ஊத்திட்டேன். நீங்க பாத்து மெச்சுன பூ, மரத்தக் கழுத்த நெரிச்சு வாங்குன பூ. இனி மூணு வருசம் அந்த மரம் எந்திரிக்காது. குத்தம் செஞ்சது ஹவில்தார் பாண்டிதுரை. வேற யாரும் இல்ல." சால்வையை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தார்.

முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. பாண்டிதுரை விறைப்பு கலையாமல் நின்றார், அந்தச் சிரிப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றார். மாரிக்கனியால் தாங்க முடியவில்லை. தூணை விட்டு முன்னால் வந்தாள்.

"சிரிக்காதீக! பாதித் தப்பு என்னுது. உச்சியில அளக்கணும்னு நான் அவியளுக்குச் சொல்லல. சொல்லாத நானும் குத்தவாளிதான்."

டீச்சர் எழுந்தார். சிரிப்பு அடங்கியது. மரம் அவருடையது. "முப்பது வருஷம் நான் கணக்கு டீச்சர்" என்றார். "கொடிக்கம்பத்து நிழல் காலையில எவ்வளவு, மத்தியானம் எவ்வளவுன்னு ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தவ. என் தோப்புல அதே கணக்கு நிக்குது, நான் போய்ச் சால்வை போட்டிருக்கேன். என்னை யாரு முட்டி போடச் சொல்றது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "மாரி, இனி என்ன செய்யணும்?"

"மூணு வருசத்துக்குப் பூ மருந்தே கூடாது டீச்சர். பிஞ்சப் பாதி உதுத்து விட்டுரணும். காய் எறங்குனதும் கிளைகளக் கழிச்சுக் கவாத்து பண்ணி, தொழு உரம் வச்சு, நிறுத்தாமத் தண்ணி பாய்ச்சணும். ஜிப்ரலிக்னு ஒரு மருந்து இருக்கு, இது அமுக்குனத அது கெளப்பி விடும். ஆபீசரக் கேட்டு அளவோட அடிப்போம்."

"தண்ணிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் பாண்டிதுரை மைக்கிலேயே. "தெனமும்."

"சரி, அப்ப எங்க தோப்புக்கு யாரு அளவு?" என்று ராஜரத்தினம் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே கேட்டார். அதற்கு மறுபடி சிரிப்பு. ஆனால் வடை வந்துவிட்டதால் அத்தோடு கலைந்தது.

அந்த வருஷம் எட்டு மணி வரிசையில் காய் எலுமிச்சை அளவோடு நின்றுவிட்டது. டீக்கடையில் பாண்டிதுரையைக் கண்டால், "ஹவில்தார், மணி என்ன?" என்று கேட்பது ஊருக்கே வழக்கமாயிற்று. அவர் நின்று நிதானமாக மணியைச் சொல்லிவிட்டு, மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போவார். கவாத்து முடிந்தது, ஜிப்ரலிக் மருந்தும் அடித்தாயிற்று. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மற்ற மரங்களெல்லாம் கொழுந்து தள்ளின, முதல் வரிசை மட்டும் மொட்டைக் கட்டையாக நின்றது. அவர் ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் சாப்பிடுவார். கதை சொல்வதே நின்றுபோனது. அந்த அமைதி மாரிக்கனிக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷன் மறுபடி வாயைத் திறந்தால் போதும், லடாக் கதையை நூறு தடவை கேட்கத் தயார் என்று சாமிக்கு வேண்டிக்கொண்டாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், பக்கத்துத் தோப்பில் அவள் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய கூச்சல். பாண்டிதுரை செருப்பைக்கூட விட்டுவிட்டு முள்வேலியில் வேட்டி கிழிய ஓடிவந்தார். மலையிலிருந்து யானை இறங்கிவிட்டது என்று நினைத்து வெள்ளத்தாய் வாளியைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறப் போனாள்.

"மாரி! ஏட்டி மாரி! வா, வந்து பாரு, விட்டுருச்சு!"

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். முதல் வரிசை மூன்றாவது மரம். வெட்டுப்பட்ட கிளை நுனியில் ஒரே ஒரு கொழுந்து, செம்பு நிறத்தில், கணுவுக்குக் கணு விலகி, நேராக நீண்டிருந்தது. பூ இல்லை, பிஞ்சு இல்லை, வெறும் இலைதான். மரம் முழுக்கப் பூத்ததற்குச் சால்வை வாங்கின மனுஷன் அந்த ஒரு கொழுந்துக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மாரிக்கனி எத்தனை நீளம் என்று பார்க்க, பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாண் போட்டுக் கையைக் கொண்டுபோனாள்.

"அளக்காத" என்றார் பாண்டிதுரை. "ஏட்டி, அளக்காத. அது பாட்டுக்கு வளரட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட எந்த உத்தரவையும் மாரிக்கனி மதித்தது கிடையாது. இதற்குக் கையை இறக்கிக்கொண்டாள்.